சீமைப் பெருச்சாளியின் கோவணம்

அன்றைக்குப் பங்களா வராந்தாவில் இருந்தவர்கள். சுரங்கத்துத் துரை. அவர் சம்சாரம், துரைசானி. டீ குடிக்க வந்த பாதிரியார் வீட்டு அம்மா. தட்டோடு பட்லர். நாற்காலிக்குப் பின்னால் ஆயா. படிக்குக் கீழே புல்லுக்கட்டோடு நான். எல்லோருக்கும் நடுவில், மூங்கில் கூடையில், அது.

அது என்றால் சீமைப் பெருச்சாளி. கப்பலில் வந்தது. பெருச்சாளி என்று பெயரே தவிர வால் கிடையாது. முயலைத் தலையில் தட்டி அமுக்கி வைத்தது போல இருக்கும். பாதி வெள்ளை, பாதி காப்பித்தூள் நிறம். துரைசானி அதற்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. துரையின் மகள் பாப்பா வளர்த்தது அது. பாப்பாவை மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அங்கே பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்களாம். அதனால் இது இங்கே நின்றுவிட்டது.

நான் அதற்கு முன்னால் சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் கல் டிரக் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டிரக் தடம் புரண்டு இடது பாதத்தில் ஏறியது. மூன்று விரல் போயிற்று. துரை இரக்கப்பட்டு, பங்களாவில் புல் அறுக்கப் போட்டார். குதிரைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தான். ஆகவே நான் பெருச்சாளிக்கு ஆள். அது இருக்கிறவரை எனக்கு மேலே வேலை. அது போனால் கீழே போய் டிரக் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். துரை இதை முதல் நாளே சொல்லிவிட்டார். மறைத்துப் பேசுகிறவர் இல்லை.

டீ நாளுக்கு வருகிறேன்.

பாதிரியார் வீட்டு அம்மா பிஸ்கோத்தைக் கடித்தபடி கூடைக்குள் குனிந்தார். கொஞ்சினார். பெருச்சாளி தலையை வயிற்றுக்கு அடியில் வளைத்தது. பின்பக்கத்தில் இருந்து எதையோ வாயில் வாங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தபடி மென்றது.

என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா பிஸ்கோத்தைத் தட்டில் திருப்பி வைத்தார். பட்லர் கூரையைப் பார்த்தார். துரை மீசையைத் தடவினார். துரைசானி முகம் செங்கல் மாதிரி ஆயிற்று. நான் அதைக் காலையில் பல தடவை பார்த்திருக்கிறேன். அதற்கு அது வழக்கம் என்று இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பாதிரியார் வீட்டு வண்டி போனதும் துரைசானி சொன்னார், இனி இந்தப் பழக்கம் இந்த வீட்டில் நடக்கக் கூடாது.

ஆயா ஒரு வழி சொன்னாள். "கொழந்தைக்குக் கட்டுற மாதிரி கட்டி உட்டா ஆச்சிம்மா. வாய் எட்டாது."

துரையின் பழைய பிளானல் சட்டை ஒன்றைக் கிழித்தார்கள். ஆயா மூன்று கோவணம் தைத்தாள். இடுப்பில் சிவப்பு அரைஞாண் கயிறு. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டாள். பெருச்சாளி இரண்டு அடி நடந்தது. நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தது. அப்புறம் நடக்கவில்லை.

சுரங்கத்துக்குள் எங்களுக்கும் அதுதான் உடுப்பு. எங்களுடையது கிழிசல். அதனுடையது பிளானல்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

"உன் மொதலாளிக்கு அரணாக்கயிறு கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்க."

"காது குத்துறது எப்போ?"

"தெரியாது."

"மடியில வெச்சிக்க மாமன் வோணுமே. நீதான் மாமனா?"

நான் களியைத் தின்றேன்.

கொஞ்ச நாள் போனது. பெருச்சாளி புல்லை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடும். பிறகு மோந்து பார்ப்பதையும் விட்டது. என் நடைச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் கீச் கீச் என்று கத்தும். ஒரு கால் இழுத்து நடக்கிறவன் நான் ஒருவன்தான், அதற்குத் தெரியும். இப்போது கத்தவில்லை. முதுகெலும்பு கையில் தட்டியது. வயிறு மட்டும் உப்பி, விரலால் சுண்டினால் தப்பட்டை மாதிரி சத்தம் கேட்டது. மயிர் எழும்பி நின்றது.

துரை குதிரையில் இருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நீ புல்லு எங்கே அறுக்கிறே?"

"ஏரிக்கரையில, தொரே."

"சயனைடு மேட்டு மேலே அறுக்கிறே."

"இல்ல தொரே."

தங்கம் பிரித்து மீந்த சயனைடு மணல் கொட்டிய மேட்டுப் பக்கம் புல் அறுக்கக் கூடாது. மாடு தின்றால் செத்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரை தூரம். நொண்டிக்காலோடு அவ்வளவு தூரம் போவானா என்று துரைக்குச் சந்தேகம். நான் புல்லுக்கட்டில் இருந்து ஒரு பிடி உருவினேன். மென்றேன். முழுங்கினேன். அருகம்புல் தொண்டையில் அறுக்கும்.

துரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு நீ இருந்தா பாக்கலாம்," என்றார்.

மறுநாள் இருந்தேன். புல் மேல் இருந்த சந்தேகம் போயிற்று. பெருச்சாளி மேல் இருந்த வியாதி போகவில்லை.

துரைக்கு ஒரு பழக்கம். கீழே யாரையும் வேலை எப்படி என்று கேட்கமாட்டார். எத்தனை டிரக் என்று கேட்பார். நல்லா நடக்குது தொரே என்று சொன்னால் காதில் விழாதது போல நிற்பார். எண்ணிக்கை சொன்னால்தான் தலையை ஆட்டுவார். பெருச்சாளிக்கும் அதையே வைத்தார்.

"இது தினம் எத்தனை போடுது?"

"எது தொரே?"

பிரம்பால் கோவணத்தின் அடியைக் காட்டினார். புழுக்கை.

"எண்ணல தொரே."

"இனிமே எண்ணு. காலையிலே எனக்கு சொல்லு. பாப்பா கிறிஸ்மஸ்க்கு வருது. அன்னிக்கு காலையிலே அம்பதுக்கு மேலே, நீ இங்கே. கம்மி, நீ மேஸ்திரி கூட கீழே."

டிரக்குக்கும் அப்படித்தான் ஒரு அளவு வைத்திருந்தார். அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. முதல் நாள் பதினொன்று. அடுத்து ஏழு. அப்புறம் நாலு, அதுவும் மிளகு அளவு.

சேதி லைன் முழுக்கப் பரவியது. ஷிப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே ஏறி வந்தவர்கள் மேலெல்லாம் சேற்றோடு பங்களா வேலி ஓரம் நின்று கேட்பார்கள்.

"இன்னாப்பா, இன்னிக்கு வெளிக்கிப் போச்சா?"

"நாலு."

"நாலுதானா. என் மாமியாருக்கும் இப்படித்தான் கட்டிக்கிச்சி. வெந்நீர் குடு."

மேஸ்திரி தனியாக வந்தார். அவருக்கு டிரக் தள்ள ஒரு ஆள் குறைவு. வேலிக்கு இந்தப் பக்கம் வந்து கூடையை எட்டிப் பார்த்தார்.

"பாவம்," என்றார். "தேறாதுபோல கீது."

"தேறும்."

"நான் ஒண்ணும் அவசரப்படல. உனக்கு எட்டாவது லெவல்ல எடம் வெச்சிருக்கேன். சமதரை. நொண்டிக்கு ஏத்தது."

வைத்தியம் ஆரம்பித்தது. துரைசானி ரொட்டியைப் பாலில் ஊறப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அது தொடவில்லை. மீந்ததை ஆயா கொட்டிவிடுவதாகச் சொல்லி எடுத்துப்போவாள். ஆயா அந்த மாதம் கொஞ்சம் சதை போட்டாள். பட்லருக்கு எந்த வியாதிக்கும் பிராந்திதான். துரைசானியிடம் கேட்டு வாங்கினார். பெருச்சாளிக்கு ஒரு சொட்டு. பதம் பார்க்க பட்லருக்கு ஒரு கிளாஸ். ஆயா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் போட வேண்டும் என்றாள். தொப்புளை இரண்டு பேரும் தேடினோம். கிடைக்கவில்லை. ஒரு குத்து மதிப்பாகப் போட்டாள். மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்த நெடியில் குதிரை தும்மியது.

கடைசியில் சுரங்கத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூப்பிட்டார்கள். கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன். என் விரல்களை எடுத்தபோது பக்கத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டவர். பெருச்சாளியை மேசை மேல் வைத்தார்கள். கோவணத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பங்களா விஷயம் என்று இருந்திருப்பார்.

"நாக்கை நீட்டச் சொல்லுங்க," என்றார் பழக்கத்தில். அப்புறம் அவரே நிறுத்திக்கொண்டார்.

வயிற்றை அமுக்கினார். காது வைத்துக் கேட்டார்.

"உள்ள காத்து அடைச்சிருக்கு. வெளக்கெண்ணெய்தான். எறங்கினா பொழைச்சிக்கும்."

"எறங்கலன்னா?" என்று கேட்டேன்.

"எறங்கும்."

"மனுஷனுக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

"ரெண்டு அவுன்ஸ்."

"இதுக்கு?"

கம்பவுண்டர் பெருச்சாளியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். எனக்கும் அதற்கும் கணக்குப் போட்டிருப்பார் போல.

"ஒரு டீ ஸ்பூன்," என்றார்.

அது கூடுதல் என்று சாயந்திரம் தெரிந்தது. எண்ண முடியாதபடி இறங்கியது. கோவணம் மாற்றி, மாற்றியதையும் மாற்றி, மூன்றாவதும் நாசமாகி, ஆயா மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டாள். மூன்றையும் சுருட்டி டோபி மூட்டையில் போட்டாள். பெருச்சாளியை வெறும் இடுப்போடு கூடையில் விட்டாள்.

மறுநாள் டோபி மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். குசினிப் படியில் பிரித்தார். மூன்று பிளானலையும் ஒரு குச்சியால் தூக்கிப் படியில் போட்டார்.

"இது இன்னா துணி?"

"துணி துணிதான்," என்றாள் ஆயா.

"இத்தினி நாளா பாப்பா பொம்மைக்குக் கட்டுறதுன்னு நெனச்சிக்கினு வெளுத்தேன். பொம்மை பேதியாவுமா?"

பட்லர் உள்ளிருந்து சொன்னார்.

"பெருச்சாளி கோவணம்."

டோபி குச்சியை வீசி எறிந்தார்.

"தொர துணி வெளுக்கறேன். தொரசானி துணி வெளுக்கறேன். மேசைத்துணி வெளுக்கறேன். பெருச்சாளிக்கு வெளுக்கறதுன்னு பேச்சே இல்ல. எங்க ஆளுங்க கேட்டா என்னைத் தள்ளி வெச்சிடுவாங்க. நீயே தொவைச்சிக்க."

"நானா? நான் கொழந்தை பாக்க வந்தவ. தலை சீவி உடுவேன். பாட்டு பாடுவேன். துணி தொவைக்க மாட்டேன்."

"கட்டினது நீதானே?"

"கட்டுறது என் வேலை. வெளுக்கறது உன் வேலை. பட்லரைக் கேளு."

"என்னை இதுல இழுக்காதீங்க," என்றார் பட்லர். "இது மேசைக்குப் போற கை."

குதிரைக்காரன் கேட்காமலே தான் குதிரை மட்டும்தான் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொடுத்தால் துவைத்திருப்பேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கை நீட்டினேன்.

"அவன்கிட்ட குடுக்காதீங்க," என்றாள் ஆயா. "பிளானலு சுருங்கிப் போனா தொரசானி என்னைத்தான் கேப்பாங்க."

எனக்கு விஷயம் புரிந்தது. கோவணம் துவைக்கிறவன் கைக்குப் பெருச்சாளி முழுசாகப் போய்விடும். அப்புறம் ரொட்டியும் பாலும் எந்தக் கைக்குப் போகும். பட்லரும் தன் பிராந்தியை நினைத்து அப்படியே யோசித்திருப்பார். அவரும் என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. டோபி மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். மூன்று கோவணமும் படியிலேயே கிடந்தது. எல்லோரும் தாண்டித்தான் போனார்கள், யாரும் எடுக்கவில்லை. வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி ஆனது. ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று.

புதிதாகத் தைக்கலாம். அதற்குத் துரைசானியிடம் பிளானல் கேட்க வேண்டும். கேட்டால் பழசு என்ன ஆயிற்று என்று வரும். ஆயா கேட்கவில்லை.

துரைசானியே கேட்டார், ஏன் இது அம்மணமாக இருக்கிறது என்று.

"கம்பவுண்டரு சொல்லியிருக்காரும்மா," என்றாள் ஆயா. "வயிறு சரியாவுற வரைக்கும் துணி கூடாதாம்."

கம்பவுண்டர் அன்றைக்குப் பார்க்க வந்திருந்தார். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. துரைசானி அவர் பக்கம் திரும்பினார். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"ஆமாம் மேடம்," என்றார். "காத்து உள்ள அடைச்சிருந்தா, வெளியில காத்து படணும்."

அது வைத்தியம்தான் என்று அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். போகும்போது என்னிடமும் சொன்னார்.

இரண்டு விடியற்காலை கழித்து நான் கூடையைத் திறந்தேன். பனி. ஸ்டாம்ப் மில் தூரத்தில் கல்லை இடித்துக்கொண்டிருந்தது. பெருச்சாளி எழுந்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது. தலையை அடியில் வளைத்தது. பின்பக்கத்தில் இருந்து வாங்கியது. மென்றது. நிதானமாக, வெற்றிலை போடுகிறவர் மாதிரி. இன்னொன்று வாங்கியது. அப்புறம் வந்து என் கையில் இருந்த புல்லில் ஒரு இழையை இழுத்தது.

ஒரு இழை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டினதில் இருந்து கெட்டது. அவிழ்த்ததும் தேறுகிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏன் என்று தெரியாது. அதன் வயிற்றுக்கு இரண்டு தடவை போனால்தான் சோறு சோறாகும் போல.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துரைசானி காதுக்குப் போகும். போனால் பிளானல் வரும்.

சம்சாரத்திடம் மட்டும் சொன்னேன்.

"துன்னுச்சா?"

"துன்னுச்சி."

"புல்லா?"

"புல்லும்."

அவள் என்னைப் பார்த்தாள். களியை இன்னொரு உருண்டை வைத்தாள். "அது எதைத் துன்னா நமக்கின்னா," என்றாள். "துன்னட்டும்."

அதற்குப் பிறகு எல்லோரும் உரிமை கொண்டாடினார்கள். பட்லர் பிராந்தி என்றார். ஆயா வசம்பு என்றாள். கம்பவுண்டர் காற்று என்றார், லைனில் இரண்டு பேருக்கு அதே வைத்தியம் சொன்னாராம், அவர்கள் வெளியில் படுத்து சளி பிடித்துக்கொண்டார்கள். நான் இருபது சொன்னேன், முப்பத்து மூன்று சொன்னேன். ஐம்பது இன்னும் வரவில்லை. துரை ஒவ்வொரு காலையும் கேட்டுவிட்டுக் குதிரை ஏறிப் போவார். நான் ஏரிக்கரையில் இன்னும் தள்ளிப் போய் இளம்புல்லாக அறுத்தேன். பாதம் வீங்கியது.

பாப்பா வருகிற நாள் வந்தது. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குப் போக வண்டி பூட்டி நின்றது. துரைசானி புதுத் தொப்பியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு வெளியே மேஸ்திரி முண்டாசு கட்டிக்கொண்டு நின்றார். கையில் எனக்கு ஒரு மெழுகுவத்தி. கீழே இறங்குகிறவனுக்கு வேண்டியது.

நான் புழுக்கையைத் தகர மூடியில் எண்ணி வைத்திருந்தேன். துரை வந்தார். என் வாய் வார்த்தையை அன்றைக்கு அவர் எடுத்துக்கொள்ளவில்லை. குந்தி உட்கார்ந்து பிரம்பு நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி அவரே எண்ணினார். உதடு அசைந்தது. நான் நின்றேன். மேஸ்திரி கேட்டுக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

பாதி எண்ணும்போது கூடைக்குள் பெருச்சாளி அசைந்தது. துரை நிமிர்ந்தார். அது தலையை வளைத்தது.

துரை பார்த்தார். வாங்கியது, மென்றது, எல்லாம் பார்த்தார். வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். துரைசானி எழுந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். துரை தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கூடையின் முன்னால் பிடித்தார். அது மென்று முடிக்கிறவரை பிடித்துக்கொண்டே இருந்தார். துரைசானி வந்தபோது அது சாதுவாகப் புல்லை இழுத்துக்கொண்டிருந்தது. துரைசானி கை தட்டினார்.

துரைக்குக் கணக்கு விட்டுப்போயிற்று. மறுபடி முதலில் இருந்து எண்ணவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை?"

அது தின்றது போக மீதியைச் சொன்னேன்.

எண்பத்து நாலு.